ஷரீஃபுதீன் கொண்டுவந்த சென்டர் ஃபார்வர்டு

மலாக்காவில், காஜா பெராங் சாலையில் ஷரீஃபுதீனின் மசாலா மில்லுக்கு யாரும் வழி கேட்டுப் போனதில்லை. எந்த இடத்தில் தும்மல் வருகிறதோ அந்த இடத்தில் நின்றால் கடை. உள்ளே மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் அரைபட்டுக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் மேலே காரம் ஏறி நிற்பவர் முதலாளி. மழை பெய்தால் மல்லி காயவில்லை என்று வானத்தைத் திட்டுவார். வெயில் அடித்தால் வாடிக்கையாளர் வரவில்லை என்று அதே வானத்தைத் திட்டுவார்.

மற்ற நேரத்தில் மோட்டாரைத் திட்டுவார். அந்த மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாது, கொதித்துப்போய் நின்றுவிடும். அதனால் காலையில் கடையைத் திறந்ததும் அதைத் தொடவே மாட்டார். புடைப்பது, பொறுக்குவது, நிறுப்பது என்று காலை வேலை எல்லாம் கையால்தான் நடக்கும். பகல் சாய்ந்து, மிளகாய் கையில் நொறுங்கும் பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் பொத்தானை அமுக்குவார். "கெழட்டுக் குதிரை. எப்ப ஓட்டணுமோ அப்பத்தான் ஓட்டணும்," என்பார்.

இவ்வளவு எரிச்சலும் உள்ள மனிதர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் எரிச்சலோடேயே விரும்பிச் செய்தார். காஜா பெராங் இந்தியர் கால்பந்துக் குழுவுக்கு அவர் மேனேஜர். பந்துக்குக் காற்றடிப்பார். ஆட்டக்காரர்களின் முதலாளிமாரிடம் போய் அரைநாள் லீவுக்குக் கெஞ்சுவார். மனைவி ஹலீமாவை எலுமிச்சம்பழம் நறுக்கித் தரச் சொல்லித் தூக்குச்சட்டியில் கொண்டுபோவார். பாடாங் என்கிற ஊர்ப் பெரிய திடலின் ஓரத்தில் மேனேஜருக்கென்று ஒரு பெஞ்சி உண்டு. அதில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார். ஆட்டம் இருக்கும் நாளில் அந்தப் பெஞ்சியில் அவரைப் பார்த்தவர்கள், மனிதர் ஏதோ சித்திரவதை அனுபவிக்கிறார் என்று நினைப்பார்கள். அவருக்கு அதுதான் சொர்க்கம் என்பது ஹலீமாவுக்கு மட்டும் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருஷத்து லீக்கில் குழு மயிரிழையில் தப்பித்தது. கடைசி இடத்துக்கு ஒருபடி மேலே. கடைசியாக வந்திருந்தால் இரண்டாம் டிவிஷன். அப்புறம் பாடாங் கிடையாது, குருபோங் பக்கம் மாடு மேயும் திடலில்தான் ஆட்டம். கமிட்டிக் கூட்டம் மில்லின் பின்னறையில் நடந்தது. செயலாளர் பொன்னுதுரை அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்கு, யாழ்ப்பாணத்துக்காரர். சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர்.

"முதலாளி, எங்களிட்ட கோல் அடிக்க ஆளில்லை. இதுதான் நோய். மருந்து என்ன?" என்றார் பொன்னுதுரை.

ஷரீஃபுதீன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். அந்த வருஷம் தங்கை மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வந்திருந்தார். "நாகப்பட்டினத்துல ஒருத்தனைப் பார்த்துட்டு வந்திருக்கேன். தியாகுன்னு பேரு. ரயில்வே ஷெட்டுல மெக்கானிக்கு. ஷீல்டு மேட்ச். நான் போயி உக்கார்றதுக்குள்ள ஒரு கோல். கடலை வாங்குறதுக்குள்ள இன்னொண்ணு. மூணாவதை நின்னுக்கிட்டே பார்த்தேன். என்ன வேகம்ங்கிறீங்க! ஆட்டம் தொடங்கினதும் தெரியல, முடிஞ்சதும் தெரியல!"

"இந்த நாட்டில ஆம்பிளை இல்லையெண்டோ கப்பலில ஆள் எடுக்கிறியள்?"

"இருந்தா காட்டுங்க!" என்று ஷரீஃபுதீன் எழுந்தார். எழுந்த வேகத்தில், யாரும் கேட்காமலே, கடைத் தராசை இழுத்து முன்னே வைத்து அதன் மேல் கையை வைத்தார். "இந்தத் தராசு மேல சொல்றேன். இவன் வந்தும் நாம கீழ போனா, அன்னைக்கோட சரி. மேனேஜர் பெஞ்சியில நான் உட்கார மாட்டேன்."

வியாபாரி தராசின் மேல் கை வைத்துச் சொன்னதை மாற்றினால், அப்புறம் அந்தத் தராசில் நிறுத்ததை யார் நம்புவார்கள்? காப்பி கொண்டுவந்த ஹலீமா வாசலிலேயே நின்று, "ஆடப் போறது அந்தப் புள்ள. சத்தியத்தை நீங்க பண்ணுறீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மில் மோட்டாரைப் பார்க்கத் தெரிந்த ஆள் என்று பெர்மிட் எழுதி, தியாகு ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து, ரயிலேறித் தம்பினில் இறங்கி, பஸ் பிடித்து மலாக்காவுக்கு வந்து சேர்ந்தான். கறுத்து மெலிந்த ஆள். கால்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம். வந்த அன்றே மோட்டாரைப் பிரித்துப் போட்டான். திரும்ப மாட்டினான். அது பழையபடியே ஒரு மணி நேரம் ஓடி நின்றது. அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ள அன்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல். எதிர்க்குழுவின் தடுப்பாட்டக்காரர்கள் இவன் போன திசையையே கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பாடாங்கில் இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஷரீஃபுதீன் தூக்குச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார். அப்புறம், இரண்டாம் பாதி பாதிகூடத் தாண்டாத நேரத்தில், தியாகு இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். பஸ்ஸுக்கு நிற்பவன்போல நின்றான். பந்து பக்கத்தில் வந்தால் அதைப் பார்த்தான். அதுவும் அவனைப் பார்த்துவிட்டுப் போனது. பத்துப் பேரை வைத்து மிச்ச நேரத்தை ஓட்டி, காஜா பெராங் மூன்றுக்கு நாலு என்று தோற்றது.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் தோல்வியைச் சின்ன எழுத்திலும் 'நாகைப் புயல்' என்பதைப் பெரிய எழுத்திலும் போட்டிருந்தார்கள்.

"புயல் அடிச்சு ஓய்ஞ்சிட்டுது," என்றார் பொன்னுதுரை.

"கப்பல் அலுப்பு. ரெண்டு வாரம் போகட்டும்," என்றார் ஷரீஃபுதீன்.

இரண்டு வாரம் போனது. ஆட்டங்களும் போயின. ஒன்றில் ஜெயித்தார்கள், இடைவேளைக்குள் தியாகு நாலு கோல் போட்டிருந்ததால் மிச்சத்தில் அவன் நின்றது உறைக்கவில்லை. இரண்டில் சமன். மற்றவை எல்லாம் முன்பாதியில் தேன், பின்பாதியில் வேப்பெண்ணெய். குழுத்தலைவன் நடராஜன் கம்போங் செட்டிக்காரன். வீட்டில் மலாய்தான் பேச்சு, தமிழ் நாலு வார்த்தை வரும். வெற்றியானாலும் தோல்வியானாலும் அவன், "அபா போலே புவாட், தவுக்கே" என்பான். என்ன செய்ய முடியும், முதலாளி என்று அர்த்தம். ஷரீஃபுதீனுக்கு அதைக் கேட்டால் உள்ளங்கால் எரியும். என்ன செய்ய முடியும் என்பதைத்தானே அவர் ராப்பகலாக யோசித்துக்கொண்டிருந்தார்!

முதலில் மிளகாய்த் தூள்தான் மூச்சை அடைக்கிறது என்று முடிவு கட்டி, தியாகுவை மில்லிலிருந்து முன்கடைக்கு மாற்றினார். அவன் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கோல் கதை சொல்லி, மல்லி கேட்டவருக்குச் சீரகம் கட்டிக்கொடுத்தான். அடுத்து ஹலீமாவின் சாப்பாட்டைக் குறை சொன்னார்.

"ஆட்டத்தன்னைக்கு அவனுக்கு நெய்ச்சோறு போட்டியா?"

"ஆட்டத்தன்னைக்குப் பட்டினி போட்டதும் நீங்கதான். அன்னைக்கும் அதே நேரத்துலதான் நின்னான்," என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, பத்திரிகைக்காரன் கண் பட்டுவிட்டது என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை. "பாத்தீங்களா, அம்புட்டுத் திருஷ்டி!" என்றாள். "அது என் கடை மிளகாய். காரம் செத்துப்போனதுன்னு நேத்தே ஒதுக்கி வச்சது," என்று ஷரீஃபுதீன் பல்லைக் கடித்தார்.

கடைசியாக ஓட்டப் பயிற்சி. "காலையில பத்து பெரெண்டாம் ஊர் வரைக்கும் ஓடிட்டு வா," என்று விரட்டினார். தியாகு ஒழுங்காக ஓடிப் போனான். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியும் வந்தான். ஷரீஃபுதீனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. குழுவின் கோல்கீப்பர் கலியாணசுந்தரம் பஸ் கண்டக்டர். பெருத்த உடம்புக்காரர், பொய் சொல்ல வராதவர். ஒரு நாள் மஞ்சள் வாங்க வந்தவர், "என்னா மேனேஜர், ஒங்காளு தெனமும் நம்ம பஸ்ஸுலதான் திரும்பி வர்றான். முக்குல எறங்கி, கொழாத் தண்ணியில மூஞ்ச நனைச்சுக்கிட்டு ஓடுறான்லா," என்று போட்டு உடைத்தார்.

அன்று ஷரீஃபுதீன் திட்டிய திட்டில் தெருவில் தும்மியவர்கள்கூடத் தும்மலை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்படியே மலாயா விடுதலையாகும் ஆகஸ்டு வந்துவிட்டது. ஊர் முழுக்க வளைவும் தோரணமும். விடுதலைத் தேதியை அறிவித்த அதே பாடாங்கில் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம்; துறைமுகத் தொழிலாளர் குழுவோடு. சமன் செய்தால் தப்பலாம். தோற்றால் கீழே.

"நாடு மேல போகுது, நாங்கள் கீழ போறம்," என்றார் பொன்னுதுரை. பிறகு, வேண்டுமென்றே தராசைப் பார்த்து, "பெஞ்சிக்கு வேற ஆள் பாக்கட்டோ, முதலாளி?" என்றார்.

ஷரீஃபுதீன் தராசைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பெஞ்சி இல்லாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வது? மல்லியைப் புடைத்துக்கொண்டே சாக வேண்டியதுதானா?

அந்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் தியாகு. ஹலீமா குழம்பு ஊற்றியபடியே, ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்டாள்.

"தம்பி, ஊர்லயும் நீ இப்படித்தான் பாதியில படுத்துக்குவியா?"

"ஊர்ல எதுக்குக்கா படுக்குறேன்? அதுக்குள்ளதான் ஆட்டமே முடிஞ்சிருமே!"

ஷரீஃபுதீனின் கை மீனிலேயே நின்றது. "என்னடா சொன்னே?"

தியாகு நாக்கைக் கடித்துக்கொண்டான். இனி மறைத்துப் பயனில்லை. "நம்ம பக்கம் ஷீல்டு மேட்ச்னா அரை மணி, அப்புறம் இடைவேளை, அப்புறம் அரை மணி. அவ்வளவுதான் பாய். இங்க என்னடான்னா முக்கா மணி, முக்கா மணின்னு ஆடுறீங்க. இது ஆட்டமா, நாத்து நடவா?"

"ஏண்டா, இத்தனை மாசமா வாயில என்ன வச்சிருந்தே?"

"மொதல் மேட்ச்சுல ரெஃப்ரி கடிகாரம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன் பாய். ரெண்டாவது மேட்ச்சுக்கும் அவரே வந்தாரு."

"மூணாவதுக்கு?"

"அதுக்கு வேற ஆளு. அப்பத்தான் வெளங்குச்சு. ஆனா அதுக்குள்ள பேப்பர்ல நாகைப் புயல்னு போட்டுட்டாங்க. புயலே போயி, எப்பங்க முடியும்னு மணி கேக்க முடியுமா?"

ஷரீஃபுதீன் வாய் திறந்தார். அவனைத் திட்டத்தான் திறந்தார். ஹலீமா முந்திக்கொண்டாள். "தொடங்கினதும் தெரியல, முடிஞ்சதும் தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?"

அவர்தான் சொன்னார். ஒரு மணி நேர ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதை வேகம் என்று எண்ணிக்கொண்டு வந்து, தராசின் மேல் கையும் வைத்தவர் அவர்தான். கால்பந்து என்றால் எல்லா ஊரிலும் ஒரே நீளம் என்று அவர் நினைத்தார். தியாகுவும் அப்படியே நினைத்துத்தான் கப்பலேறினான். இரண்டு முட்டாள்கள், நடுவில் ஒரு கடல். "யா அல்லாஹ்," என்று மீனைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து மில்லுக்குப் போனார்.

மில் சும்மா கிடந்தது. பகல் இன்னும் சாயவில்லை. மிளகாய் வெயிலில் இருந்தது. அவர் மோட்டாரை முறைத்துப் பார்த்தார். முறைத்துக்கொண்டே நின்றவருக்குச் சட்டென்று ஒன்று பட்டது. இந்தக் கிழட்டுச் சனியனைக் காலையிலேயே போட்டுக் கொதிக்க விடுவாரா அவர்? மாட்டார். அப்புறம் அந்த நாகைச் சனியனை மட்டும் ஏன் ஆட்டம் தொடங்கியதுமே ஓடவிட்டார்?

ஆனால் ஆட்டக்காரனை வெளியே உட்கார்த்திவைத்துப் பாதியில் இறக்க முடியாது. மாற்று ஆள் என்பதே அப்போது சட்டத்தில் இல்லை. தொடங்கும்போதே பதினொரு பேரும் உள்ளே நிற்க வேண்டும். உள்ளே நிற்கலாம், ஆனால் ஓடக்கூடாது. ஓடாமல் நிற்கிற இடம் எது?

அன்று மாலை பொன்னுதுரை அதைக் கேட்டுவிட்டுச் சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். "இடைவேளையில கோல்கீப்பரும் இன்னொருத்தனும் இடம் மாறலாம். ரெஃப்ரியிட்டச் சொல்ல வேணும், அவ்வளவுதான். ஆனா முதலாளி, உங்களுக்குப் புத்தி சரியோ?"

"நானு ரைட் விங்கா?" என்று கலியாணசுந்தரம் நெஞ்சில் கைவைத்தார். "மேனேஜர், நான் பஸ்ஸுக்குள்ளாற ஓடுறதே கஷ்டம்லா!"

"ஓட வேணாம். முதல் பாதிக்கு நின்னாப் போதும். வர்ற பந்தை உதைங்க."

"அபா போலே புவாட்," என்றான் நடராஜன்.

ஆட்டத்தன்று கலியாணசுந்தரத்தின் கீப்பர் சட்டை தியாகுவுக்கு முழங்கால் வரை தொங்கியது. கூட்டம் முதலில் அது வேறு யாரோ என்று நினைத்தது. புயல் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பது தெரிந்ததும் எழுந்த கூச்சலில், ஷரீஃபுதீனின் காது மடல்கள் சிவந்தன. "பாய், குதிரையைக் கட்டிப்போட்டுக் கழுதையை ஓட்டுறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

தியாகுவுக்கு ஒரே ஒரு வேலை: வருகிற பந்தைக் கையால் பிடிப்பது. சின்ன வயதிலிருந்து கைபட்டால் தப்பு என்றே பழகிய உடம்பு அதற்கு வளையவில்லை. மெதுவாக உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தி, எதிராளி ஒருவனைத் தாண்டியும் போனான். ஷரீஃபுதீன் கண்களை மூடிக்கொண்டார். அடுத்த பந்து தாலாட்டுவதுபோல நேரே மார்புக்கு வந்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். தியாகு குனிந்து அதைத் தலையால் முட்டினான். முட்டிய பந்து துறைமுகத்துக்காரனின் காலடியில் விழுந்து, உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"கையிடா! கை! அல்லாஹ் ரெண்டு கொடுத்திருக்கான்டா உனக்கு!" என்று ஷரீஃபுதீன் தொண்டை கட்டும்வரை கத்தினார்.

எதிர்ப்பக்கம் கலியாணசுந்தரத்துக்கு நிற்கச் சொன்னது மறந்துபோயிற்று. வாழ்க்கையில் முதன்முதலாகக் கோல் கம்பத்தைவிட்டு வெளியே வந்த மனிதர். திறந்துவிட்ட கன்றுக்குட்டிபோலத் திடல் முழுக்க ஓடினார். பந்து இருக்கும் இடத்துக்கெல்லாம், அது போன பிறகு, போய்ச் சேர்ந்தார். இடைவேளை விசில் அடித்தபோது புல்லில் மல்லாந்து கிடந்தார். இரண்டுக்குச் சைபர். எலுமிச்சம்பழத்தைத் தியாகுவின் கையில் திணித்து, "இனி முக்கா மணிதான். உன் கணக்குலயே மிச்சம் இருக்கு. நின்னே, கொன்னுருவேன்," என்றார் மேனேஜர்.

ரெஃப்ரியிடம் சொல்லி, சட்டை மாற்றினார்கள்.

மூச்சு வீணாகாத தியாகுவைத் துறைமுகத்துக்காரர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். அவர்கள் கால்கள் களைத்த நேரம். இவனுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. ஒன்று போட்டான். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் இரண்டாவதைப் போட்டான். எந்த நேரத்தில் வழக்கமாக நிற்பானோ அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டுக்கு இரண்டு. ஷரீஃபுதீன் பெஞ்சியின் மேல் ஏறி நின்றார். இந்தப் பெஞ்சி தன்னுடையது, தன்னுடையதேதான் என்று கால் விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி நிமிடம். துறைமுகக் குழுவுக்குக் கார்னர். எல்லோரும் தடுக்க இறங்கினார்கள், தியாகுவும் இறங்கினான். பந்து உயர்ந்து, வளைந்து, அவன் தலைக்கு மேல் வந்தது. தியாகு எம்பி, இரண்டு கைகளாலும் அதை அழகாகப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அன்று முழுக்க அவன் சுத்தமாகப் பிடித்த பந்து அது ஒன்றுதான்.

ரெஃப்ரி ஒரு தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு பெனால்டி விசில்.

ஷரீஃபுதீன் பெஞ்சியிலிருந்து மெதுவாக இறங்கினார். தூக்குச்சட்டியை மூடினார். எப்படியும் எழுந்து போக வேண்டிய இடம்தானே, இப்போதே எழுந்துவிடலாம் என்று நினைத்தவர்போல நின்றார்.

கோல் கம்பத்தில் கலியாணசுந்தரம் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றிருந்தார். முதல் பாதியில் ஓடிய ஓட்டத்தில் அவர் கால்கள் இரும்பாகியிருந்தன. அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று குழம்பக்கூட அவரிடம் தெம்பு இல்லை. பெனால்டி என்றால் கீப்பர் ஏதாவது ஒரு பக்கம் பாய்வார். அதனால் துறைமுகத்துக்காரன் கெட்டிக்காரத்தனமாக நடுவில் பார்த்து, பலம் கொண்ட மட்டும் உதைத்தான். பந்து கலியாணசுந்தரத்தின் வயிற்றில் மத்தளம்போல மோதித் திரும்பிப் போனது. நடராஜன் அதை வேலிக்கு அப்பால் உதைத்தான். விசில்.

குழு தப்பியது. பெஞ்சியும் தப்பியது.

கலியாணசுந்தரத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தியாகுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலேயிருந்தபடியே அவன், "பாய், பாத்தீங்களா, கடைசியில கை வந்துருச்சு! அடுத்த வருஷம் நான் கீப்பராவே நின்னுக்கிறேனே!" என்றான். ஷரீஃபுதீன் தூக்குச்சட்டியை ஓங்கினார். ஆனால் அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தியாகு இன்னொரு சீசன் ஆடினான். மூச்சு கொஞ்சம் நீண்டது, முழுசாக நீளவில்லை. பிறகு பத்து பெரெண்டாம் விமானத் திடலில் மோட்டார் வேலை கிடைத்துப் போனான். போகும்போதும் மில் மோட்டார் ஒரு மணி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி ஷரீஃபுதீன் பல வருஷம் திட்டினார்.

அவன் போன பிறகு நடந்த கமிட்டிக் கூட்டத்தில் பொன்னுதுரை மெல்லத் தொண்டையைச் செருமினார். "முதலாளி, யாழ்ப்பாணத்தில என்ர மருமகன் ஒருத்தன் நல்லா அடிப்பான். கூப்பிடுவமோ?"

ஷரீஃபுதீன் கண்ணைச் சுருக்கினார். "அங்க எவ்வளவு நேரம் ஆடுவாங்க?"

"இதென்ன கேள்வி? கால்பந்துதானே முதலாளி. எல்லா இடமும் ஒண்டுதானே!"

ஷரீஃபுதீன் எழுந்தார். அவர் கை தானாக மேசைப் பக்கம் நீண்டது. காப்பியை வைத்துவிட்டுத் திரும்பிய ஹலீமா தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.